நூறு மில்லிசெக்கன் போதாது, தம்பி



ஜிடிபி டிபக்கருக்கு நீர் எழுதிவரும் முகப்பில், 'நிறுத்து' பொத்தானைத் திருத்திய பேட்ச்சை வாசித்தேன். த்ரெட், சிக்னல் எல்லாம் உமக்குத் தெரிந்தவைதான், அதற்குள் போகவில்லை. என் கண்ணில் குத்தியது ஒரு வரி. நிறுத்தும் கட்டளையை அனுப்பிவிட்டு, நூறு மில்லிசெக்கன் ஸ்லீப் போட்டு, பிறகு பிரேக்பாயிண்ட் வைக்கும் கட்டளையை அனுப்புகிறீர். கமிட் குறிப்பில் வேறு எழுதியிருக்கிறீர்: 'சில வேளைகளில் வரும் பிழைக்குத் திருத்தம்.'

அந்தச் 'சில வேளை'யைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எந்த வேளை? பயனர் பொத்தானை அழுத்துகிறார். அதே கணத்தில் நிரல் தானாகவே ஒரு பிரேக்பாயிண்டில் போய் நிற்கிறது. உமது முகப்பு அந்தச் செய்தியை இன்னும் வாசிக்கவில்லை. நிரல் ஓடுவதாக நினைத்து, நிற்கச் சொல்லி அனுப்புகிறது. சிக்னல் பிந்திப் போய்ச் சேர்கிறது. பயனர் 'தொடர்' என்று அழுத்தியதும் நிரல் காரணமே இல்லாமல் மறுபடி நிற்கிறது. இதைக் கமிட் குறிப்பில் எழுத நாலு வரி போதும். எழுதியிருந்தால் ஸ்லீப் இதற்கு மருந்தல்ல என்று உமக்கே விளங்கியிருக்கும். உமது மடிக்கணினியில் நூறு தாராளம். நிரல் வேறொரு பெட்டியில், ஜிடிபிசர்வர் வழியாக, மோசமான இணைப்பில் ஓடினால்?

முகப்புகள் ஜிடிபியோடு பேசும் எம்ஐ மொழியின் கையேட்டிலேயே உதாரணம் இருக்கிறது. ஓட்டும் கட்டளை 111 என்ற எண்ணோடு போகிறது, நிறுத்தும் கட்டளை 222 என்ற எண்ணோடு. 222க்கு 'டன்' என்று பதில் வருகிறது. கட்டளையை ஏற்றுக்கொண்டேன் என்பது மட்டுமே அதன் பொருள். நிரல் நின்ற செய்தி தனியாக வருகிறது, அதுவும் 111ஐச் சுமந்துகொண்டு. நீர் 222ஐக் கண்டதும் காரியம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டீர். முடியவில்லை என்று தெரிந்ததும் கடிகாரத்திடம் போய்விட்டீர்.

மலையக ரயில்பாதையில் ஒற்றைத் தண்டவாளத்தில், பாதைக்கு அனுமதி தரும் டேப்லட் என்ற தகடு கைக்கு வராமல் எந்த டிரைவரும் நகர்வதில்லை. எதிர்வண்டி இந்நேரம் போயிருக்கும் என்று மணிக்கூட்டைப் பார்த்து வண்டியை எடுப்பவர் யாராவது உண்டா? 'நின்றது' என்ற செய்திதான் உமது டேப்லட். பயனர் அழுத்துவது, டிபக்கர் சொல்வது எல்லாம் ஒரே கியூவில் வரட்டும். 'ஓடுகிறது', 'நிற்கச் சொல்லியாயிற்று', 'நின்றுவிட்டது' என்ற நிலையை ஒரே ஓர் இடம் வைத்திருக்கட்டும். நிற்கச் சொன்ன பிறகு வேறு காரணத்தால் நின்றாலும் நின்றதுதான். பின்னால் வரும் சிக்னலை விழுங்கிவிடும்.

கிழவன் ஏன் இவ்வளவு கத்துகிறான் என்று நினைப்பீர். தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியின் விபத்துகள் பற்றி லெவ்சனும் டர்னரும் எழுதிய கட்டுரை 1993 ஜூலையில் 'ஐஇஇஇ கம்ப்யூட்டர்' இதழில் வந்தது. பேராதனை நூலகத்தில் அதைப் படித்துவிட்டு, அன்று இரவு அக்பர் விடுதிப் பாலத்தில் மச்சான்மாரோடு நின்று விடியும்வரை வாதாடினோம். கீழே மகாவலி, மேலே கொசு. கட்டுரை சொன்ன சம்பவம் இது: டெக்ஸாஸில் டைலர் நகரம், 1986. கதிர்வீச்சுக் கருவியை இயக்கும் பெண் எக்ஸ் கதிருக்கான 'எக்ஸ்' என்று தட்டிவிட்டு, எலக்ட்ரானுக்கான 'ஈ' என்று விரைவாகத் திருத்தினார். கருவியின் காந்தங்கள் தங்கள் நிலைக்கு வர ஏறக்குறைய எட்டு செக்கன். அதற்குள் செய்த திருத்தத்தை மென்பொருள் சரியாகக் கவனிக்கவில்லை. கருவியின் ஒரு பாதி பழைய கட்டளையிலும் மறு பாதி புதியதிலும் நின்றது. அங்கே மட்டும் இரண்டு நோயாளிகள் இறந்தார்கள். பிழையை மறுபடி வரவழைத்தவர்கள் அந்த ஆஸ்பத்திரியின் இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் ஹேகரும் அதே பெண்ணும். வேகமாகத் தட்டினால்தான் வரும் என்று கண்டுபிடித்தது அவர்கள்தான். மெதுவாகத் தட்டிப் பார்த்தவர்களுக்கு அது வரவேயில்லை. உமது பிழையும் அந்தச் சாதிதான், ஆள் மட்டும் சாகவில்லை. வாதத்தில் அன்று யார் வென்றார் என்று நினைவில்லை.

இனி உமது டெஸ்ட். அதைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டேன், உண்மையாக. பொய் ஜிடிபி ஒன்றை எழுதி, 'நின்றது' செய்தியை வேண்டுமென்றே பிந்தவிட்டு, முந்தவிட்டு, இரண்டு தரம் அனுப்பி, ஒவ்வொரு வரிசையையும் ஓட்டிப் பார்க்கிறீரே! அதிர்ஷ்டத்துக்குக் காத்திராமல் பிழையைக் கூப்பிட்டு வரவைக்கும் வேலை அது. உமது வயதில் எனக்கு இது தோன்றியதில்லை. என்னோடு வேலை பார்த்த எவருக்கும் தோன்றியதில்லை. இப்படி டெஸ்ட் எழுதத் தெரிந்த கை, ஸ்லீப் போட எப்படித் துணிந்தது?

அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பும். அதோடு ஒரு கேள்வி, உமது டெஸ்டில் இல்லாதது: நிற்கச் சொல்லிய பிறகு நிரல் நிற்காமல், ஓடி முடிந்து வெளியேறிவிட்டால், கியூவில் காத்திருக்கும் பிரேக்பாயிண்டை என்ன செய்வதாக உத்தேசம்?

அன்புடன்,
கண்டியிலிருந்து அண்ணன்