படத்தின் பக்கத்தில் எழுதி வை

அன்பு மருமகளுக்கு,

தூத்துக்குடி உப்பளத்தில் நீ எடுத்த படங்கள் வந்து சேர்ந்தன. நாலு பேர்கூடத் திரும்பிப் பார்க்காதபோது எதற்கு இந்த வேலை என்று கூடவே கேட்டிருக்கிறாய். அதற்கான பதிலைப் பிறகு சொல்கிறேன். முதலில் படங்களைப் பேசுவோம்.

தலையில் உப்புச் சட்டியோடு வரப்பில் நடந்து வரும் அந்த அம்மாவின் படம் நன்றாக அமைந்திருக்கிறது. உப்புதான் அழுக்குச் சாம்பலாக விழுந்துவிட்டது. கேமராவின் சுபாவம் அது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் வெளிச்சத்தைக் கணக்குப் போடும். கண் கூசும் வெள்ளைக் குவியலைக் காட்டினால், வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்று குறைத்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் கூட்டி எடுத்துப் பார். உப்பு வெளுக்கும், நிழலில் மறைந்த முகமும் தெளியும். பரல் தெரியாத அளவுக்கு மட்டும் கூட்டிவிடாதே.

அவருடைய இடது கால் ரப்பர் பூட்ஸைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேல் கிழிந்த இடத்தில் சணலைச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறார். அந்தப் படத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த முடிச்சுதான். நீ கீழே 'வாழ்க்கையின் வலி' என்று எழுதியிருக்கிறாய். அதை எந்தப் படத்துக்குக் கீழேயும் எழுதலாம், அதனாலேயே எதற்கும் உதவாது. அவர் பெயர் என்ன? எந்த ஊரிலிருந்து வருகிறார்? எத்தனை மணிக்குப் பாத்தியில் இறங்குகிறார்? ஒரு நடைக்கு எத்தனை கிலோ சுமக்கிறார்? மழையில் உப்பளம் ஓய்ந்து கிடக்கும் மாதங்களில் அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது? அந்த பூட்ஸ் யார் காசில் வாங்கியது?

கேட்கக் கூச்சமாக இருந்தது என்பாய். ஒரு வார்த்தையும் பேசாமல் ஒருவர் முகத்தை எடுத்துக்கொண்டு வருவதற்குத்தான் நாம் கூச்சப்பட வேண்டும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இன்னொரு முறை போ. ஸ்டுடியோவில் படத்தைப் பிரின்ட் போட்டு அவர் கையில் கொடு. பேச்சு தானாக வரும். பெயரை வெளியில் போட வேண்டாம் என்று சொன்னால் போடாதே, உன் நோட்டில் மட்டும் இருக்கட்டும்.

செல்போனே எல்லாவற்றையும் பதிந்துவைக்கிறதே என்று நம்பி இருக்காதே. எடுத்த தேதி, நேரம், அனுமதித்திருந்தால் இடம், இவ்வளவுதான் அதற்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அந்த விவரமும் உதிர்ந்துபோகும். மூலப் படத்தை இரண்டு இடங்களில் சேமித்து வை. பக்கத்தில் நாலு வரி, அன்றைக்கு இரவே எழுதிவிடு. மறுநாள் என்று தள்ளினால் பாதி மறந்துவிடும்.

இனி, எதற்கு இந்த வேலை என்ற உன் கேள்விக்கு வருகிறேன். பதிலாக ஒருவரின் கதையைச் சொல்கிறேன். ஏ.கே. செட்டியார் கோட்டையூர்க்காரர், 1911-இல் பிறந்தவர். பர்மாவில் 'தனவணிகன்' பத்திரிகையை நடத்தியவர். டோக்கியோவுக்குப் போய்ப் புகைப்படக் கலை படித்தார், பிறகு நியூயார்க்கிலும் படித்தார். 1937 அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்குப் போகும் கப்பலில், காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அப்போது 26 வயதுகூட நிறையவில்லை! காந்தியை யார் யாரோ எடுத்த துண்டுப் படச்சுருள்கள் அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளாகப் பல நாடுகளில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடிக் கண்டம் கண்டமாக அலைந்தார். திரட்டியது சுமார் 50,000 அடி. 1940 ஆகஸ்டில் சென்னையில் திரையிட்டபோது படத்தின் நீளம் 12,000 அடிதான். அவ்வளவு அலைந்து கொண்டுவந்ததில் முக்கால் பங்கை ஒதுக்கி வைக்க எத்தனை மனவுறுதி வேண்டும் என்று யோசித்துப் பார். நீ ஒரே காலையில் எடுத்த அத்தனையையும் அனுப்பியிருக்கிறாய். மூன்றைத் தேர்ந்தெடு, போதும்.

அன்றைக்கு அந்தப் படத்தைத் திரையில் பார்த்தவர்கள் இன்று அநேகமாக யாரும் இல்லை. அதை எடுத்த கதையை அவர் எழுதிவைத்ததால் நமக்கு அது தெரிகிறது. யாரைப் போய்ப் பார்த்தார், எந்தச் சுருள் எப்படிக் கிடைத்தது என்பதையெல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லிக்கொண்டே போகிறார். அலங்காரம் கிடையாது. தன்னைப் பற்றிய பேச்சும் குறைவு. 1943-இல் 'குமரி மலர்' என்ற மாத இதழைத் தொடங்கி, பழைய பத்திரிகைகளில் புதைந்து கிடந்த பிறருடைய எழுத்துகளைத் தேடியெடுத்து மறுபடி அச்சிட்டார். இத்தனை பேர் படித்தார்கள் என்ற கணக்கை மட்டும் நம்பி இருந்தால் இந்தக் காரியங்களில் ஒன்றைக்கூட அவர் தொடங்கியிருக்க மாட்டார். உன் படத்தை நாளைக்குத் தேடி வரப்போகிறவர் அந்த அம்மாவின் பேத்தியாக இருக்கலாம், உப்பளத் தொழிலை ஆராய்கிற மாணவராக இருக்கலாம். அவர்களுக்கு உன் நாலு வரி வேண்டும்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் கேமராவோடு இறங்கவா என்றும் கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். மாதச் சம்பளம் இருக்கிறவரை, கல்யாணப் பந்தலில் யார் சொன்ன போஸையும் எடுக்கவேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. அந்தச் சுதந்திரம் பெரிது. ஞாயிற்றுக்கிழமைக் காலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. உங்கள் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

காந்தி படம் எடுத்த கதையைச் சொல்லும் செட்டியாரின் கட்டுரைகள் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற புத்தகமாகக் காலச்சுவடு வெளியீட்டில் வந்திருக்கின்றன. வாங்கி வாசி. வாசித்து முடித்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா