ஒளியை விரித்தால் இரும்பு தெரியும்

காஸ் அடுப்பில் உப்புத் தண்ணீர் பொங்கி வழிந்தால், நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பில் உள்ள சோடியம் செய்யும் வேலை அது. ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படிச் சொந்த நிறங்கள் உண்டு. அதே தனிமம் ஒரு விண்மீனின் வெளிப்புறத்தில் ஆவியாக இருந்தால், உள்ளிருந்து வரும் ஒளியில் அந்த நிறங்களை மட்டும் விழுங்கிவிடும். ஒளியை நிறமாலையாக விரித்தால் அந்த இடங்களில் கறுப்புக் கோடுகள் தெரியும். (நிறமாலை! எவ்வளவு அழகான சொல் பாருங்கள்.) சூரிய ஒளியில் இக்கோடுகளை 1814-இல் ஃப்ரான்ஹோஃபர் அளந்து குறித்தார்.

"அவ்வளவு தூரம் போகாமலே அங்கே இரும்பு இருக்குன்னு எப்படித் தாத்தா சொல்றாங்க?" என்று என் பேத்தி கேட்டதற்கு இதுதான் பதில்.

நமக்கு அண்டையில் உள்ள பெரிய விண்மீன் மண்டலம் ஆண்ட்ரோமீடா. சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரம். அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான கோளக் கொத்துகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பல்லாயிரம் முதல் பல லட்சம் வரை விண்மீன்கள் பந்துபோல் திரண்டிருக்கும். நமக்கோ அது மங்கலான ஒரு பொட்டு. ஆகவே மொத்த ஒளியையும் சேர்த்து வாங்கியே விரிக்கிறார்கள். கோடுகள் இடம் மாறியிருந்தால் கொத்தின் வேகம் தெரியும். உள்ளே விண்மீன்கள் அங்குமிங்கும் ஓடுவதால் கோடுகள் சற்று அகலமாகும். அந்த அகலத்தைக் கொண்டு கொத்தின் எடையையே கணக்கிடலாம்!

ஆனால் சுவையான விஷயம் இரும்புதான். பெருவெடிப்பில் உண்டானவை பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும். இரும்பு பிற்பாடு விண்மீன்களில் சமைக்கப்பட்டது. எனவே இரும்பு குறைந்த கொத்து, ஆதி காலத்து வாயுவில் பிறந்தது என்று கொள்ளலாம். சூரியனில் உள்ள விகிதத்தில் ஏறத்தாழ 300-இல் ஒரு பங்குக்குக் கீழே எந்தக் கொத்திலும் இரும்பு குறையாது என்று நெடுநாள் நம்பினார்கள். அவ்வளவு தூய வாயு இருந்த ஆதி மண்டலங்கள் மிகச் சிறியவை, அவற்றால் பெரிய கொத்தை உருவாக்க முடியாது என்பது அதற்குச் சொன்ன காரணம்.

2019 அக்டோபரில் சோரன் லார்சன் குழுவினர், ஹவாய்த் தீவில் உள்ள 10 மீட்டர் கெக் தொலைநோக்கியை ஆண்ட்ரோமீடாவின் 'ஆர்.பி.சி. எக்ஸ்ட்-8' என்ற கொத்தின் மீது திருப்பினார்கள். இரும்பு 800-இல் ஒரு பங்குதான்! எடையோ சுமார் 11 லட்சம் சூரியன்கள். முடியாது என்றது கண்முன் நின்றது. மக்னீசியமும் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. 2020-இல் முடிவுகளை வெளியிட்டபோது அதற்கு அவர்களிடம் தெளிவான விளக்கம் இல்லை. 2022-இல் நம் பால்வெளி மண்டலத்திலேயே, சிதைந்துபோன ஒரு கொத்தின் எச்சமான 'சி-19' என்ற விண்மீன் ஓடையில் இன்னும் குறைந்த இரும்பைக் கண்டார்கள்.

பிள்ளைகள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பழைய சி.டி. ஒன்றைச் சாய்த்து, அதில் முதலில் குண்டு பல்பின் ஒளியையும் பிறகு டியூப் லைட்டின் ஒளியையும் பாருங்கள். முன்னதில் நிறங்கள் இடைவெளியின்றி ஓடும். பின்னதில் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். சூரியனை மட்டும் நேராகப் பார்க்க வேண்டாம்.