கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதமும் வண்டியின் படங்களும் வந்து சேர்ந்தன. 2013-ஆம் வருஷத்து தோஸ்த் மினி லாரி, மூன்றாவது கை, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று முடிந்து வெகுநாள் மழையில் நின்ற வண்டி. ஏற்றத்தில் இஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று பல் உரசுகிறது என்று எழுதியிருக்கிறாய். பட்டறைக்காரர் கிளட்ச் செட்டையே மாற்றச் சொல்கிறார், மாற்றிவிடலாமா என்று கேட்கிறாய்.

மாற்ற வேண்டியிருக்கலாம். ஆனால் நீ சொன்ன இரண்டும் இரண்டு வேறு கோளாறுகள். ஏற்றத்தில் கத்துவது கிளட்ச் பிடிக்காததால். ரிவர்ஸ் உரசுவது கிளட்ச் விடாததால். பிடிக்காததும் விடாததும் ஒரே வண்டியில் சேர்ந்து வந்தால் பிளேட் தேய்ந்தது மட்டும் காரணமாக இருக்க முடியாது. அந்த இன்னொரு காரணத்தைத் தேடாமல் புது செட்டைப் போட்டால் அதுவும் சீக்கிரமே போய்விடும். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி இரண்டாவது முறையும் உன் தலையில்தான் விழும்.

வண்டியைக் குறைசொல்ல மாட்டேன். 2005-ல் டாடா ஏஸ் வந்து, நம் ஊரில் குட்டி யானை என்று பெயர் வாங்கியது. அதைவிடக் கொஞ்சம் பெரிய வண்டி தேடியவர்களுக்காக 2011-ல் அசோக் லேலண்டும் நிஸ்ஸானும் சேர்ந்து இந்த தோஸ்தை ஓசூரில் இறக்கினார்கள். மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர் டீசல், ஒன்றேகால் டன் பாரம். சரியாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் பல வருஷம் உழைக்கும்.

முதலில் பிரேக்கைப் பார். கிளட்சைச் சோதிக்கவே பிரேக் பிடிக்க வேண்டும். நான்கு சக்கரத்தையும் கழற்றி பிரேக் தேய்மானம், கசிவு எல்லாம் பார்த்துவிடு. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்தால் மாற்று. ஓடாத வண்டியால் யாருக்கும் ஆபத்தில்லை. நிற்காத வண்டியோடு ஒரகடம் சாலையில் ஜல்லி லாரிகளுக்கு நடுவே போகக் கூடாது.

இனி கிளட்ச். இஞ்சினின் பின்பக்கம் ஃபிளைவீல் சுற்றுகிறது. அதன் முகத்தில் பிரஷர் பிளேட்டை போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட். அந்தப் பிளேட்டின் நடுத்துளைப் பல்லில்தான் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் செருகியிருக்கும். பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் அழுத்துவதால் மூன்றும் ஒன்றாகச் சுற்றும். இஞ்சின் இழுவை முழுவதும் வெறும் உராய்வு வழியாகவே சக்கரத்துக்குப் போகிறது. நீ பெடலை மிதித்ததும் ரிலீஸ் பேரிங் போய் ஸ்பிரிங்கின் விரல்களைத் தள்ளும், பிடி விடும். இந்தப் படம் மனதில் இருந்தால் எந்தச் சத்தத்துக்கும் காரணம் தேடலாம்.

பிடிப்பைச் சோதிப்பது இப்படி. சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்திக்கொள். முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கக் கூடாது. டாப் கியரில் போட்டு, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து, கிளட்சை மெல்ல விடு. இஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் பிளேட் வழுக்குகிறது. ஒரு தடவை போதும்; திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட்டின் மேல் மிச்சமிருக்கும் உராய்வுப் பட்டையான ஃபேசிங்கையும் நீயே எரித்துவிடுவாய்.

விடுவதைச் சோதிக்க, நியூட்ரலில் இஞ்சினை ஓடவிட்டு, பெடலை முழுதாக மிதித்துச் சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போடு. அப்போதும் உரசினால் கிளட்ச் முழுதாக விடவில்லை. மழையில் நின்ற வண்டி என்பதால் இங்கே எனக்கு இரண்டு சந்தேகம். பிளேட்டின் நடுப்பல் துருப்பிடித்து ஷாஃப்டில் வழுக்கி நகராமல் இருக்கலாம். அல்லது பெடலின் அசைவு முழுதாகப் போய்ச் சேராமல் இருக்கலாம். இரண்டாவதை வண்டிக்கு அடியில் படுக்காமலே பார்த்துவிடலாம் என்பதால் அங்கிருந்தே தொடங்கு.

பெடலிலிருந்து கேபிள் போகிறதா, ஆயில் குழாய் போகிறதா என்று பார். கேபிள் என்றால் அதன் இழைகள் பிரிந்திருக்கிறதா, உறைக்குள் இறுகுகிறதா என்று கவனி. பெடலைக் கையால் அழுத்தினால் தொடக்கத்தில் சிறிது தூரம் எதிர்ப்பில்லாமல் இறங்க வேண்டும். இதை ஃப்ரீ பிளே என்போம். எத்தனை மில்லிமீட்டர் என்று வண்டியின் கையேட்டில் இருக்கும், அதன்படி வை. பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். அது ஒன்றுமில்லாமல் போனால், யாரும் மிதிக்காதபோதும் பேரிங் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டே இருக்கும், பிளேட் வழுக்கும். ஒரு நட்டைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டிய விஷயத்துக்காக கியர்பாக்ஸ் இறக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆயில் வகை என்றால் மாஸ்டர் சிலிண்டர், சிலேவ் சிலிண்டர் இரண்டின் ரப்பர் உறையையும் விலக்கிப் பார்; ஈரம் இருந்தால் சீல் போய்விட்டது. பெடலைப் பலமுறை அடித்தபின் ரிவர்ஸ் சுலபமாக விழுந்தால் குழாயில் காற்று இருக்கிறது. ஏர் எடுக்க வேண்டும். வண்டியின் ஆயில் டப்பா மூடியில் எழுதியிருக்கிற டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் மட்டுமே ஊற்று. அவசரத்துக்கு இஞ்சின் ஆயில் ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

சத்தத்தையும் கேட்டு வை. பெடலை மிதிக்கும்போது கீச்சென்று வந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் வந்து, மிதித்ததும் நின்றுபோனால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங். வண்டி கிளம்பும்போது உதறினால் இஞ்சின் மவுண்டு ரப்பரையும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸையும் முதலில் பார். செலவு குறைந்தவை அவைதான்.

இவ்வளவுக்குப் பிறகும் வழுக்கினால் இறக்கித்தான் ஆகவேண்டும். பேட்டரியின் மைனஸைக் கழற்று. ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகாதே, ஸ்டாண்டு வைத்த பிறகே தலையை நுழை. புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றுமுன் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள். திரும்ப அதே நிலையில் மாட்ட வேண்டும். கிளட்ச் கூண்டுக்குள் தூசியைக் காற்றடித்து ஊதாதே. பழைய ஃபேசிங்கில் கல்நார் இருக்கலாம், அது நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. ஈரத்துணியால் துடை, முகக்கவசம் போட்டுக்கொள்.

காரணம் தெரியப்போவது இப்போதுதான், அதனால் அவசரப்படாதே. பிளேட் எண்ணெய் குடித்திருக்கிறதா? முகர்ந்து பார். கருப்பாக, இஞ்சின் ஆயில் வாடை அடித்தால் கிராங்கின் பின் சீல் கசிகிறது. கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் கியர்பாக்ஸ் முன் சீல். அந்த சீலை மாற்றாமல் புதுப் பிளேட் போடுவது பணத்தை எண்ணெயில் ஊறவைப்பதுதான். எண்ணெய் இல்லாமல் ரிவெட் தலை வரை சீராகத் தேய்ந்திருந்தால் அது வயசு. ஃபிளைவீலில் நீலத் திட்டும் மயிரிழை வெடிப்பும் இருந்தால் அது சூடு, அதாவது முன்பு ஓட்டியவரின் கால். மேலோட்டமான திட்டை லேத்து பட்டறையில் கொடுத்து முகம் சீவிக்கொள்ளலாம். வெடிப்பு ஆழமாக இருந்தால் ஃபிளைவீலையே மாற்றிவிடு.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இனி ஓட்டப்போவது நீ. நின்ற வண்டி கிளம்பி, பிளேட்டும் ஃபிளைவீலும் ஒரே வேகத்துக்கு வரும்வரை நடுவில் உரசல்தான். அந்த நேரத்தில் பிளேட்டில் ஏறும் சூடு, வண்டி அடையும் இயக்க ஆற்றலுக்கு ஏறக்குறைய சமம். வண்டியும் பாரமும் சேர்ந்த எடை இரட்டித்தால் சூடும் இரட்டிக்கும். வேகம் கூடினாலோ சூடு வர்க்கக் கணக்கில் ஏறும். அதனால் முதல் கியரை விட்டு இரண்டாவதில் கிளப்பினால் சூடு சுமார் மூன்று மடங்காகிவிடும். ஒன்றேகால் டன் என்பது 75 கிலோ மூட்டையில் பதினாறுதான். அவளூர் பக்கத்திலிருந்து நெல் ஏற்றும்போது இன்னும் நாலு மூட்டை போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். மறுத்துவிடு. காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட் பக்கம் நெரிசலில் நிற்கும்போது நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிடு. 2019-ல் அத்திவரதர் எழுந்தருளியிருந்த 48 நாளில் காஞ்சிபுரம் சாலைகளில் வண்டிகள் எப்படி ஊர்ந்தன என்பது உனக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் பாதிக் கிளட்சில் தவழ்கிறவர் ஒவ்வொரு அடிக்கும் ஃபேசிங்கைக் கொடுத்துக்கொண்டே போகிறார். ஏற்றத்தில் நிற்க ஹேண்ட் பிரேக் இருக்கிறது. கிளட்சால் வண்டியைத் தாங்கிப்பிடிக்காதே.

மாட்டும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே புதிதாகப் போடு. நடுவில் இருக்கும் பைலட் பேரிங்கையும் விரலால் சுற்றிப் பார். பிளேட்டில் ஃபிளைவீல் பக்கம் எது என்று எழுதியிருக்கும்; திருப்பிப் போட்டால் கிளட்ச் விடாது. நடுப்பல்லில் துருவைச் சுத்தமாக எடுத்து கிரீஸ் தடவு, மிக மெல்லிதாக. மிஞ்சியது சுழன்று தெறித்து ஃபேசிங்கில் ஏறும். பிளேட்டைச் சரியாக நடுவில் நிறுத்த அதற்கான கட்டையோ பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்டோ வை. போல்ட்டுகளை எதிர் எதிராக, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் இறுக்கு. ஒரே பக்கம் முழுக்க இறுக்கினால் பிரஷர் பிளேட் கோணிவிடும்.

இனி காகிதம். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. வருஷாவருஷம் எடுக்க வேண்டும். எஃப்.சி. சோதனைக்கு நிறுத்துமுன் லைட், ஹாரன், வைப்பர், ஒளிரும் பட்டை எல்லாம் சரிபார். டயர் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்கட்டும். பெயர் மாற்ற 29, 30 படிவங்கள். பழைய கடன் ஆர்.சி.யில் இன்னும் நின்றால் 35-ஆம் படிவமும் பைனான்ஸ்காரரின் கடிதமும். மூன்று கை மாறிய வண்டியில் இதுதான் அதிகம் சிக்கும், ஆகையால் முழுப் பணத்தையும் கொடுத்துவிடுமுன் கேட்டு வாங்கு.

வேலை முடிந்ததும் கொஞ்ச நாள் பாதிப் பாரத்தோடு, அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை வரை மட்டும் ஓட்டு. புது ஃபேசிங் முகம் பதிய வேண்டும். பிறகு ஃப்ரீ பிளேயை மறுபடி பார்த்துக்கொள். பழைய பிளேட்டை இரும்புக் கடையில் போட்டுவிடாதே, சாக்கில் சுற்றி வை. தீபாவளிக்கு வரும்போது நான் பார்க்க வேண்டும். அதில் எந்த ஆயில் வாடை அடித்தது என்று மட்டும் உடனே எழுது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மாமா