சுகர் எந்த ஊர்ச் சொல்?

கேள்வி: 'மாங்கோ' நம் மாங்காயிலிருந்து போனது என்கிறார்கள். 'சுகர்' எங்கிருந்து போனது?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: சமஸ்கிருத 'சர்க்கரா'விலிருந்து. அதற்குப் பொடிக்கல், பருமணல் என்றும் பொருள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை ஒரு விள்ளல் எடுத்து நாக்கில் வைத்து அழுத்திப் பாருங்கள். அந்த மணல்மணலான பதம்தான் பெயர்க்காரணம். அந்தச் 'சர்க்கரா' பாரசீகத்தில் 'ஷகர்', அரபியில் 'சுக்கர்' ஆகி, லத்தீன், பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து சேர்ந்தது. கிரேக்கர்கள் 'சாக்கரோன்' என்றார்கள். 'சாக்கரின்' அந்த வழியில் வந்தது.

எனக்குப் பிடித்தது இன்னொரு கிளை. மலையாளச் 'சக்கர'யைப் போர்ச்சுகீசியர் 'ஜாகரா' என்றார்கள். அதுவே ஆங்கில 'ஜாகரி'. சீனியும் வெல்லமும் ஆங்கிலத்தில் அக்கா தங்கை! தமிழிலிருந்து போனதா என்றால், இல்லை. நம் 'சர்க்கரை'யும் அந்தச் 'சர்க்கரா'தான்.