பேட்டரி ஊரில் பேட்டரி படுத்தால்

திருப்பதிக்கும் பேட்டரிக்கும் பழைய உறவு. 1985-இல் தொடங்கிய அமர ராஜா நிறுவனத்தின் ஆலை ரேணிகுண்டா–கடப்பா சாலையில் கரகம்பாடியில் இருக்கிறது. கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த 'அமரான்' அவர்களுடையதுதான். சித்தூர்ப் பக்கமும் அவர்களுக்கு ஆலை உண்டு. 2022 செப்டம்பரில், திருப்பதியின் மின்னணு உற்பத்தித் தொகுப்பில், சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனத்தின் லித்தியம் செல் ஆலையில் சோதனை உற்பத்தி நடந்தபோது மத்திய இணை அமைச்சரே வந்து பார்த்தார். இத்தனை இருந்தும், லேப்டாப் பேட்டரி வழியில் படுத்துக்கொண்டால் இந்த ஊர்ப் பெருமை எதுவும் கைகொடுக்காது. கரகம்பாடியில் பெயர் வாங்கியது வண்டிக்கும் இன்வெர்ட்டருக்குமான ஈய-அமில பேட்டரி. முனோத் செல் பவர் பேங்க், செல்போன் வகையறாவுக்கு. பயணி தன் கையே தனக்குதவி என்று இறங்க வேண்டியதுதான்.

எடுத்த எடுப்பில் பேட்டரி மேல் பழி போட வேண்டாம். லாட்ஜ் அறைகளில் பாதி பிளக் பாயிண்ட் தளர்ந்து கிடக்கும்; சார்ஜர் பின் லேசாக ஆடினாலே மின்சாரம் விட்டுவிட்டு வரும். வேறு பாயிண்ட்டில் செருகி, அடாப்டரில் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். 60 அல்லது 80 சதவீதத்தில் சார்ஜ் ஏறாமல் நின்றால், அது கோளாறாகவே இல்லாமல் இருக்கலாம். பேட்டரி ஆயுளைக் காக்க அந்த வரம்பை வைக்கும் வசதி பல லேப்டாப்களில் இருக்கிறது. அலுவலகத்தில் யாரோ போட்டுவிட்ட அந்த செட்டிங்கை மறந்துவிட்டு, கடைக்காரரிடம் பேட்டரி விலை விசாரிப்பவர்கள் உண்டு.

அடுத்தது, பேட்டரியின் நாடி. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் 'பவர்சிஎஃப்ஜி', ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி 'பேட்டரிரிப்போர்ட்' என்று தட்டினால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும்: தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவு. முன்னது 41,000 மில்லிவாட்-மணி, பின்னது 18,000 என்றால் பாதிக்கு மேல் போய்விட்டது என்று பொருள். மேக்கில் பேட்டரி செட்டிங்கிலேயே நிலவரம் தெரியும்.

எண்ணைவிட முக்கியமானது கண். லேப்டாப்பை மூடிச் சமமான மேசையில் வைத்து, ஒரு மூலையை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஆடினாலோ, டச்பேட் மேலெழும்பி கிளிக் ஆகாமல் இறுகியிருந்தாலோ, அடி மூடியின் விளிம்பில் கீற்றாக இடைவெளி தெரிந்தாலோ, பேட்டரி உப்பிவிட்டது. உள்ளே வேதிப்பொருள் சிதைந்து வாயு சேர்ந்து, உறை அப்பளம் போலப் புடைத்திருக்கிறது. அதற்குப் பிறகு சார்ஜ் போடக் கூடாது, அழுத்தி மூடக் கூடாது, குத்தி வாயுவை இறக்கலாம் என்ற நினைப்பே கூடாது. முழுதாக அணைத்து, மெத்தை, துணி எதன் மீதும் இல்லாமல் வெறும் தரையில், காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு, நேரே கடைக்குப் போவதுதான் வழி. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், பூட்டிய காருக்குள் அதை விட்டுப் போவது தற்கொலைக்குச் சமம்.

உப்பவில்லை, தளர்ந்துதான் போயிருக்கிறது என்றால் சமாளித்துவிடலாம். சில பேட்டரி 20 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணையும். அப்படியானால் விண்டோஸின் விரிவான பவர் அமைப்புகளில் 'கிரிட்டிக்கல்' அளவை 25 சதவீதத்துக்கு உயர்த்தி, அந்த நிலை வந்ததும் ஹைபர்நேட் ஆகும்படி வைக்கலாம். ஸ்லீப் வேண்டாம், ஸ்லீப்பில் வேலை ரேமில் நிற்கிறது, பேட்டரி செத்தால் அதோடு போயிற்று. ஹைபர்நேட் வட்டில் எழுதிவிட்டுத் தூங்கும். திரை வெளிச்சத்தைக் குறைப்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது செல்போன் கேபிள்: இணையத்துக்காக போனை யூஎஸ்பியில் இணைத்தால், அது சத்தமில்லாமல் லேப்டாப்பிலிருந்து சார்ஜ் உறிஞ்சும். வைஃபை ஹாட்ஸ்பாட்டே மேல்.

ரயிலில் வருபவர்களுக்கு இன்னொரு கணக்கு. சென்னையிலிருந்து வரும் சப்தகிரி பகல் பயணம் என்பதால் சிக்கலில்லை. இரவு வண்டியில், பதினொரு மணியிலிருந்து காலை ஐந்து வரை சார்ஜிங் பாயிண்ட்டுகளை அணைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. 2013 டிசம்பரில் பெங்களூரு–நாந்தேடு எக்ஸ்பிரஸ் இதே ராயலசீமையில், புட்டபர்த்திக்குப் பக்கத்தில் கொத்தச்செருவு அருகே தீப்பிடித்து 26 பேர் இறந்த பிறகு எழுந்த பரிந்துரை அது; 2021-இல் ரயில்வே மறுபடி வலியுறுத்தியது. ஆகவே பத்தரைக்குள் ஏற்றிக்கொள்ள வேண்டும். பல பெட்டிகளில் பாயிண்ட்டில் வருவது 110 வோல்ட். அடாப்டரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை.

திருமலைக்குப் போகிறவர் லேப்டாப்பை மலைக்கு ஏற்றாமலிருப்பதே உத்தமம். தரிசன வரிசைக்குள் செல்போனுக்கே அனுமதியில்லை, மின்னணுப் பொருள்களைக் கவுண்டரில் ஒப்படைக்க வேண்டும். அலிபிரியில் நடந்து ஏறுபவர்களின் பைகளைத் தேவஸ்தானம் மேலே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆனால் பை மேல் பை அடுக்கும் அந்தக் குவியலில் தளர்ந்த பேட்டரி வெந்துகொண்டிருக்க வேண்டாம். கூட்ட நாளில் தரிசனம் முடிய எத்தனை மணி நேரம் என்று யாரும் சொல்ல முடியாது. கீழே அறையிலேயே, முழுதாக ஷட் டவுன் செய்து வைத்துவிட்டுப் போகலாம்.

பவர் பேங்க் வாங்குவதானால் 'டைப்-சி வழியாகவே சார்ஜ் ஆகும் லேப்டாப்பா' என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். உருண்டை முள் சார்ஜர் வைத்த பழைய லேப்டாப்புக்குச் சாதாரண பவர் பேங்க் பயன்படாது. 20,000 மில்லிஆம்பியர்-மணி என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி. வழியில் கொஞ்சம் வீணாகும். ரேணிகுண்டாவில் விமானம் ஏறுபவருக்கு 100 வாட்-மணிதான் தடையில்லாத எல்லை. அதுவும் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது.

மாற்றுவது என்று முடிவானால், கடைக்குப் போகும் முன் கோப்புகளைப் பிரதி எடுத்துவிட வேண்டும். லேப்டாப்பின் பெயரைச் சொல்லி பேட்டரி கேட்பது பாதி வழி. கழற்றிய பழைய பேட்டரியின் மேல் உள்ள மாடல் எண்ணும் வோல்ட்டேஜும் புதியதோடு பொருந்துகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிஐஎஸ் முத்திரையும் அதன் பதிவு எண்ணும் இல்லாத சரக்கைத் தொட வேண்டாம். தயாரிப்புத் தேதியையும் கேட்கலாம். லித்தியம் பேட்டரி அலமாரியில் இருந்தபடியே கிழடாகும். பொருத்தியதும் அங்கேயே பேட்டரி அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்தால் போதும். அரிதான மாடலாக இருந்து உள்ளூரில் கிடைக்காவிட்டால், சித்தூரில் இருப்பவருக்கு வேலூர் ஒரு மணி நேர பஸ் தூரம். திருப்பதிக்காரர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கே போய்விடலாம்.

பேட்டரி கழற்ற வருகிற பழைய மாடலாக இருந்தால், அவசரத்துக்கு அதை எடுத்துவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓட்டலாம். கரண்ட் போனால் அந்த நொடியே இருட்டு என்பதால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சேமிப்பது நலம். கழற்றிய பேட்டரியை லாட்ஜ் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு ஊர் திரும்பக் கூடாது. 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்திருக்கின்றன. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மாற்றிய சர்வீஸ் சென்டரிலேயே ஒப்படைத்துவிடலாம்.