விளைபொருளின் சந்தைப் பருவங்கள்: அவுரி தரும் பாடம்

பயிருக்கு முளைப்பு, வளர்ச்சி, பூப்பு, முதிர்ச்சி என்னும் பருவங்கள் உண்டென்பதைக் குடியானவர் அனைவரும் அறிவர். விளைந்த சரக்குக்கும் சந்தையில் புகுதல், பெருகுதல், நிலைத்தல், தளர்தல் என நான்கு பருவங்கள் உண்டென்பதைப் பலர் கவனிப்பதில்லை. படப்பை வட்டாரத்திலிருந்து தாம்பரத்துக்கும் கோயம்பேட்டுக்கும் கீரையும் காய்கறியும் அனுப்பும் ரயத்துகளுக்கு இவ்விஷயம் மிக முக்கியமானது. நமக்குத் தெற்கே, பழைய தென்னாற்காட்டு ஜில்லாவில் விளைந்த அவுரியின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

அவுரிச் செடியை அறுத்துத் தொட்டி நீரில் ஊறவைத்துக் கலக்கி, அடியில் படிந்த வண்டலைக் கட்டிகளாக உலர்த்தி நீலச்சாயம் எடுத்தனர். 19-ஆம் நூற்றாண்டில் இதற்கு ஐரோப்பாவில் மிகுந்த கிராக்கி இருந்தது. தென்னாற்காடு, கடப்பை, நெல்லூர் முதலிய ஜில்லாக்களில் சாகுபடி பரவியது. 1880-இல் ஜெர்மானிய ரசாயன அறிஞர் பேயர் நீலத்தைச் செயற்கையாக உண்டாக்கும் வழியைக் கண்டார். செலவு அதிகமாகையால் அது உடனே விற்பனைக்கு வரவில்லை. 1897-இல் பி.ஏ.எஸ்.எப். கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் அவுரியின் விலையும் பரப்பும் விரைவாகக் குறைந்தன.

1914-இல் மூண்ட யுத்தத்தால் ஜெர்மன் சாயம் வருவது நின்றது. அவுரி விலை ஏறியது; பரப்பும் மீண்டும் கூடியது. 1918-இல் யுத்தம் முடிந்து செயற்கைச் சாயம் திரும்பவே, அவ்வுயர்வு மறைந்தது. தளர்ந்துவிட்ட சரக்குக்கு இடையில் வரும் விலையேற்றத்தைப் புதிய வளர்ச்சியென்று நம்பலாகாது என்பது இதனால் விளங்கும். தென்னாற்காட்டிலோ நிலக்கடலை பெருகி, புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு தேசத்து மார்செயில் நகர எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. ஒரு சரக்கு தளரும்போது வேறொன்று கையில் இருத்தல் வேண்டும்.

ரயத்துகள் கைக்கொள்ள வேண்டிய முறைகளாவன:

1. புகும் பருவம்: புதிய காய்கறியைப் பத்து சென்ட் அளவிலேயே பயிரிட்டுப் பார்க்கவும். வாங்குவோர் யாரென்பதை விதைக்குமுன் விசாரித்தறியவும்.

2. பெருகும் பருவம்: விலை நிற்கும்வரை பரப்பை விரிக்கலாம். அவ்வொரு பயிரையே நம்பிப் பெருங்கடன் வாங்குதல் தகாது.

3. நிலைத்த பருவம்: எல்லோருடைய சரக்கும் ஒன்றாய்ச் சந்தைக்கு வரும். செலவைக் குறைப்பதாலும், தரம் பிரித்து அனுப்புவதாலுமே லாபம் நிற்கும். இப்பருவத்து லாபத்தைக் கொண்டே அடுத்த பயிரைச் சோதித்தல் வேண்டும்.

4. தளர்பருவம்: கூலி, வண்டி வாடகை, கமிஷன் போக மிஞ்சும் தொகை இரண்டு போகங்கள் தொடர்ந்து குறையுமாயின், பரப்பைப் பாதியாகக் குறைக்கவும்.

எப்பருவம் என்பதை அறிய ஒரு கணக்குப் புத்தகமே போதும். விற்ற விலையை மட்டுமன்றி, செலவு போக மிஞ்சியதையும் ஒவ்வொரு முறையும் எழுதி வருக.

அவுரி முற்றிலும் அழிந்துவிடவில்லை. இயற்கைச் சாயத்தை விரும்புவோருக்காகத் திண்டிவனப் பகுதியில் இன்றும் அது விளைகிறது; அதன் இலைப்பொடி தலைமயிருக்குச் சாயமாகவும் விலைபோகிறது. ஆயினும் முன்போல் பெருஞ்சந்தை அன்று, வாங்குவோர் சிலரே. ஆகவே, வாங்குவோரை உறுதிசெய்துகொண்ட பின்னரே இத்தகைய பயிரில் இறங்குதல் நலம்.