சோழமண்டலத்துக்குப் போகிறவளுக்கு

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. அந்தமானின் புரோத்ராபூரிலிருந்து உங்கள் வகுப்பு சென்னைக்குக் கப்பலேறப் போகிறது, பார்க்கிற இடங்களில் சோழமண்டல ஓவியர் கிராமமும் உண்டு என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். ஆனால் பள்ளிச் சுற்றுலா எப்படி நடக்கும் என்று மாமாவுக்குத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தட்சிணசித்ரா, முதலைப் பண்ணை, மாமல்லபுரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பஸ் பறக்கும். வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்துக்கென்று இருபது நிமிஷம் நிற்கும்.

அந்தக் கிராமத்தை 1966இல் தொடங்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். அப்போது சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். படித்து முடித்த மாணவர்களுக்குப் படம் விற்றுப் பிழைக்க வழியில்லை. பாடிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். சேர்த்த காசில் கடலோரத்தில் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். வயிற்றுக்குக் கைத்தொழில், மனசுக்கு ஓவியம். அங்குள்ள அருங்காட்சியகம் 2009இல்தான் வந்தது.

உள்ளே போனதும் கூட்டம் செய்கிற முதல் காரியம் சிரிப்பது. ஒருவன் "இதை என் தம்பியே வரைவான்" என்பான், பத்துப் பேர் சிரிப்பார்கள், அதோடு அந்தப் படம் முடிந்தது. சிரிப்பதில் தப்பில்லை, பாப்பா. பார்ப்பதற்கு முன்னால் சிரிப்பதுதான் நஷ்டம்.

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படம் ஒன்று கண்ணில் பட்டால் நில். ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும். வரிவரியாக எழுத்துபோல ஓடும். படித்துப் பார், ஒரு வார்த்தைகூடத் தேறாது. அவை படிப்பதற்கான எழுத்துகளே அல்ல. 1963 வாக்கில் அவர் அந்த வழிக்கு வந்தபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அதற்கு முன்பு ஊர்க்காட்சிகளை வரைந்து பேர் வாங்கியவர்.

பி.வி. ஜானகிராமின் உலோகச் சிற்பம் இருந்தால் அதன் பின்பக்கமும் போய்ப் பார். செப்புத் தகட்டைச் சுத்தியால் தட்டி, கம்பியைப் பற்றவைத்துச் செய்தவை அவை. முன்பக்கத்தில்தான் அத்தனை வேலையும் இருக்கும். கோயிலில் மூலவருக்குச் சாத்துகிற கவசம் எப்படியோ, அப்படி. சுத்தி விழுந்த தடம் தகட்டில் தெரிகிறதா என்று தேடு.

போர்ட் பிளேர் மானிடவியல் அருங்காட்சியகத்தில் நிக்கோபார் மரப்பதுமைகளைப் பார்த்தபோது நீ சிரிக்கவில்லையே! நோயை விரட்ட வீட்டில் நிறுத்துவார்கள் என்று சொன்னதும் உற்றுப் பார்த்தாய். எதற்காகச் செய்தார்கள் என்று அன்றைக்குக் கேட்டதைப் போலவே இங்கும் கேள்.

ஓவியர்கள் அங்கேயே குடியிருக்கிறார்கள். யாராவது பேசக் கிடைத்தால் "இதற்கு என்ன அர்த்தம்?" என்று ஆரம்பிக்காதே, பாதிப் பேருக்கு அந்தக் கேள்வி அலுத்துப்போயிருக்கும். எந்தச் சாயம், எந்தத் தகடு, எங்கே தடுமாறினீர்கள் என்று கேட்டுப் பார், வாய் ஓயாமல் பேசுவார்கள். சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள். போட்டோ எடுக்குமுன் அனுமதி கேள்.

இன்னொன்று. பயணத் திட்டம் இன்னும் முடிவாகவில்லை என்றால், மாமல்லபுரத்தை மறுநாளைக்குத் தள்ள முடியுமா என்று டீச்சரிடம் இப்போதே கேட்டுவிடு. பஸ்ஸில் ஏறிய பிறகு கேட்டால் நடக்காது.

அன்புடன்,
மாமா